அமாக்சிசிலின்-கிளாவுலானேட் 625: கூட வரும் அந்த 125

அட்டையில் 625 என்று இருந்தாலும் கிருமியைக் கொல்வது 500 மில்லிகிராம் அமாக்சிசிலின்தான். மீதி 125 கிளாவுலானிக் அமிலம், அதாவது கிளாவுலானேட். தனியாகக் கொடுத்தால் அது பெரிதாக எந்தக் கிருமியையும் சாய்க்காது. பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கவென்றே சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும், அமாக்சிசிலின் தப்பித்து வேலையைச் செய்யும். 1981-இல் விற்பனைக்கு வந்த இந்தக் கூட்டு மருந்தின் பலத்துக்கும் தொல்லைக்கும் பெரும்பாலும் இந்தச் சின்னப் பங்காளிதான் காரணம்.

நாய், பூனை, மனிதர் கடித்த காயங்களுக்கு இது முதல் வரிசை மருந்து. வாயில் வாழும் பலவகைக் கிருமிகளை ஒரே மாத்திரை சமாளிக்கிறது. சைனஸ், நடுக்காதுத் தொற்று, வெறும் அமாக்சிசிலினுக்கு மசியாத பல் சீழ் ஆகியவற்றிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் தொண்டைப் புண்ணுக்கு இதை எழுதுவது வீண். அந்தக் கிருமி பீட்டா-லாக்டமேஸைச் சுரப்பதே இல்லை; சாதாரணப் பென்சிலினே போதும். அங்கே 125-ஆல் கிடைக்கும் ஒரே கூடுதல் பலன் வயிற்றுப்போக்கு. சளி, ஃப்ளூவுக்கு இரண்டு பாகமும் உதவாது.

அதிகம் சறுக்குவது கணக்கில். 375 மாத்திரையில் 250 அமாக்சிசிலின், 125 கிளாவுலானேட். 625 கிடைக்கவில்லையென்று இரண்டு 375 போட்டால் அமாக்சிசிலின் சரியாக வரும், கிளாவுலானேட் இரட்டிப்பாகும். 1 கிராம் மாத்திரையிலும் அதே 125தான், 875-உடன். பெரியவர்களுக்கு வழக்கமாக 625 எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, 1 கிராம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவர்களுக்கு 1 கிராம் மாத்திரை கூடாது. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிடத் தொடங்கும்போதே போட்டால் குமட்டல் குறையும், கிளாவுலானேட்டும் நன்றாக உறிஞ்சப்படும். அப்படியும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வயிறு இளகும். லேசாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். தண்ணீராக அடிக்கடி போனாலோ, இரத்தம் வந்தாலோ, வயிற்றுவலியும் காய்ச்சலும் சேர்ந்தாலோ அது குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் தொற்றாக இருக்கலாம். மருந்தை முடித்துச் சில வாரங்கள் கழித்தும் வரும். அப்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து.

கிளாவுலானேட்டுக்கு ஈரம் ஆகாது. வாரக் கணக்கில் மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் அடுக்குகிறவர்கள் இதை மட்டும் அட்டையிலேயே விட்டுவைக்கட்டும். பழுப்பேறிய மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்.

குழந்தைகளுக்கான பொடி சிரப்பில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொண்டு, கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள குறிக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கிய பிறகு குறிவரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். நுரையோடு குறியைப் பார்த்தால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். கலக்கியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. பெரும்பாலான தயாரிப்புகள் 7 நாள் தாங்கும், சில 10 நாள், லேபிளைப் பாருங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கி, சமையல் கரண்டியில் அல்லாமல் வாய்வழி சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

சிரப்பின் செறிவும் பலவகை. 5 மில்லியில் 228.5 மில்லிகிராம் என்றால் அமாக்சிசிலின் 200, 457 என்றால் 400. மருத்துவர் ஒரு வேளைக்கு 270 மில்லிகிராம் அமாக்சிசிலின் என்று கணக்கிட்டிருந்தால் முதலாவதில் 6.75 மில்லி, இரண்டாவதில் சுமார் 3.4 மில்லி. கடையில் செறிவு மாறியது தெரியாமல் பழைய மில்லி அளவிலேயே கொடுத்தால் மருந்து பாதியாகும், அல்லது இரட்டிக்கும்.

பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் இதைத் தொடவே கூடாது. தடிப்போடு உதடு வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுப்பது), மெத்தோட்ரெக்சேட் (மூட்டுவாதம், புற்றுநோய்க்குத் தருவது) எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் ஏமாற்றும். வயதான ஆண்களிடமும் இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்தவர்களிடமும் அதிகம். கண் மஞ்சளாவதும், சிறுநீர் கருப்பதும், உடம்பு அரிப்பதும் கடைசி மாத்திரைக்குப் பல வாரம் கழித்துக்கூடத் தொடங்கலாம். மஞ்சள் காமாலை என்று மருத்துவரிடம் போகும்போது, எப்போதோ போட்டு முடித்த இந்த மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.