மூன்று குறியீட்டுக் கல்லீரல் பரிசோதனை: ஊசி சரி, படிவம் சரியில்லை

என் தகப்பனாருக்கு 74 வயது. பல ஆண்டுகளாக ஹெபடைட்டிஸ் பி தொற்று இருப்பதால், கல்லீரல் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று அறிய, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்கிறார். இம்முறை மயிலாப்பூர்ப் பக்கம் உள்ள ஓர் ஆய்வகத்தில், ஏ.எஃப்.பி.யுடன் எல்3, பிவ்கா-2 என்ற வேறு இரண்டு குறியீடுகளையும் சேர்த்துப் பார்க்கும் தொகுப்புக்குப் பணம் கட்டினோம்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த விதத்தில் குறையே இல்லை. சொன்னபடி காலை ஆறரை மணிக்கு வந்த இளைஞர், "ஐயா, கையைத் தளர்வா வெச்சுக்குங்க" என்று பேச்சுக் கொடுத்தபடியே ஒரே குத்தில் வேலையை முடித்தார்.

ஏ.எஃப்.பி. மட்டும் போதாதா என்று கேட்கலாம். கல்லீரல் புற்றுநோய் இருந்தும் அது இயல்பான அளவிலேயே இருப்பவர்கள் கணிசமானவர்கள். புற்றுநோய் இல்லாமல் வெறும் அழற்சியிலேயே அது ஏறுவதும் உண்டு. மற்ற இரண்டு குறியீடுகளும், உருவான புரதத்தை நொதிகள் எப்படித் திருத்தியிருக்கின்றன என்பதைக் காட்டுபவை. புற்று உயிரணுக்களில் ஃபியூகோசில்டிரான்ஸ்ஃபெரேஸ்-8 என்ற நொதி மும்முரமாகி, ஏ.எஃப்.பி.யின் சர்க்கரைக் கிளையின் அடியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைக் கோத்துவிடுகிறது. அவ்வாறு மாறியதே எல்3. அதைப் பிரித்தறிய உதவுவது மைசூர்ப் பருப்பில் உள்ள, சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் லெக்டின் புரதம் (மளிகைக் கடையில் நாம் வாங்கும் அதே பருப்புதான்). புற்றுநோய் உறுதியானவர்களிடம் மொத்த ஏ.எஃப்.பி.யில் எல்3 பங்கு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், நோய் வேகமாக முற்றக்கூடும் என்று மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள்.

பிவ்கா-2இன் கதை வேறு. கல்லீரல் புரோத்ரோம்பின் என்ற புரதத்தை உருவாக்கும்போது, காமா குளுட்டமைல் கார்பாக்சிலேஸ் என்ற நொதி அதிலுள்ள 10 குளுட்டாமிக் அமில அலகுகளைத் திருத்தினால்தான், அது கால்சியத்தைப் பற்றிக்கொண்டு ரத்தம் உறைய உதவும். புற்று உயிரணுக்களில் அந்தத் திருத்தம் பாதியில் நின்றுவிட, அரைகுறைப் புரோத்ரோம்பின் ரத்தத்தில் கலக்கிறது. அதுவே பிவ்கா-2. 1984இல் கல்லீரல் புற்றுநோயின் குறியீடாக அறியப்பட்ட இது மிகவும் உயர்ந்திருப்பதை, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்துக்குள் கட்டி புகும் போக்கோடு தொடர்புபடுத்துகிறார்கள்.

ஆனால் அந்த நொதி வைட்டமின் கே இல்லாமல் இயங்காது. இதய வால்வு மாற்றிக்கொண்ட என் தகப்பனார் தினமும் விழுங்கும் அசெனோகூமரால் என்ற ரத்த உறைதல் தடுப்பு மாத்திரையோ, செலவான வைட்டமின் கே மறுபடி பயனுக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே புற்றுநோய் இல்லாமலேயே பிவ்கா-2 அளவு எகிறும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கடைசியாக உணவு உண்ட நேரம் வரை விசாரித்த ஆய்வகப் படிவத்தில், ரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்டா என்ற ஒரு வரி இல்லை. மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் ஏ.எஃப்.பி.யும் எல்3யும் வரம்புக்குள் இருக்க, பிவ்கா மட்டும் சிவப்பு எழுத்தில் வரம்பைப் பல மடங்கு தாண்டி நின்றது. வயது, பாலினம், மூன்று குறியீடுகள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் கலாட் மதிப்பெண்ணையும் மாத்திரையால் வந்த அந்த உயர்வோடு கூட்டி அச்சிட்டிருந்தார்கள். பெயருக்கேற்ற கலாட்டாதான்: அம்மா இரண்டு இரவுகள் தூங்கவில்லை. எங்கள் மருத்துவர் மாத்திரைச் சீட்டையும் தெளிவாக இருந்த ஸ்கேனையும் பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொன்னார்.

ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, "ரிசல்ட் கரெக்ட்தான் சார், டாக்டரைக் கேளுங்க" என்றார்கள். எண் சரிதான், நான் மறுக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு குறிப்பு எழுதும் மருத்துவர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதே என் குறை. இந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பது அதிகமில்லை.

உறைதல் தடுப்பு மாத்திரை எடுக்காதவர்களுக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால், இத்தொகுப்பைத் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். அடுத்த முறை அதே இளைஞரையே வரச் சொல்லி, ஏ.எஃப்.பி.யும் எல்3யும் மட்டும் கேட்டு, மாத்திரையின் பெயரைப் படிவத்தின் ஓரத்தில் நானே பேனாவால் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.