1955 பெல் ஏருக்கு வெள்ளைப் பட்டை டயர்: இரண்டு செட் வாங்கியவனின் மதிப்புரை

அட்லாண்டாவுக்கு அருகில் வசிக்கும் நான், என்னுடைய 1955 செவர்லே பெல் ஏர் காருக்கு, பக்கச்சுவரில் வெள்ளை வளையம் கொண்ட வெள்ளைப் பட்டை டயரை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை வாங்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரலில் வாங்கிய முதல் செட் அந்த ஆண்டு முடிவதற்குள் மஞ்சளடித்துவிட்டது. 2022 வசந்தத்தில் வாங்கிய இரண்டாவது செட், கோக்கர் டயர் நிறுவனம் விற்கும் பிஎஃப் குட்ரிச் சில்வர்டவுன் ரேடியல். மூன்று கோடைகளைக் கடந்தும் அது வெள்ளையாகவே இருக்கிறது. பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் என்னைப் போல் இரண்டு முறை செலவழிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் செட்டை இணையத்தில் விலை மலிவாகக் கிடைத்தது என்பதற்காக வாங்கினேன். வந்து இறங்கியபோது பட்டை பால்போல் வெளுத்திருந்தது. நான் பார்க்கத் தவறியது பக்கச்சுவரில் பொறித்திருந்த டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணை. அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். என் டயரில் 2316 என்று இருந்தது, அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். புதியது என்று விற்கப்பட்ட டயருக்கு ஏறக்குறைய ஐந்து வயது. டிசம்பர் மாதம் காரைக் கழுவும்போது பட்டை முழுவதும் டீக்கறை படிந்தாற்போல் பழுப்பேறியிருந்ததைக் கண்டேன். விளிம்பில் நகத்தை வைத்து அழுத்தியபோது, தாள் கனமே இருந்த வெள்ளை ரப்பர் ஓரத்தில் மெல்லத் தூக்கிக்கொண்டது. அதன் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடின. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மஞ்சளடிப்பது அழுக்கினால் மட்டும் வருவதில்லை என்பதை அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்காமல் இருப்பதற்காகக் கறுப்பு ரப்பரில் சேர்க்கப்படும் பாதுகாப்பு இரசாயனங்கள் மெதுவாகக் கசிந்து வெள்ளைக்குள் ஏறுகின்றன. அவற்றைத் தடுக்கும் விதமாக உள்ளடுக்கு சரியாக அமையாவிட்டால், எத்தனை முறை தேய்த்தாலும் பழுப்பு திரும்பி வரும். ஆகவே நல்ல வெள்ளைப் பட்டை டயரை முதல் நாள் வெண்மையை வைத்து எடைபோட முடியாது. அந்த வெள்ளை டயருக்குள் எப்படி வந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அது வரும் வழிகள் சில உண்டு. முறையான வழியில், டயரைக் கட்டும்போதே பக்கச்சுவருக்குள் வெள்ளை ரப்பர் அடுக்கு ஒன்றை வைத்து, அதன்மேல் மெல்லிய கறுப்பு உறையைப் போர்த்தி, அச்சில் வெந்து வந்த பிறகு அந்த உறையை மட்டும் சாணை பிடித்து நீக்குவார்கள். சவுத் கரோலினாவின் டைமண்ட் பேக் நிறுவனம் செல்வது வேறு வழி: இன்றைய ரேடியல் டயர்களை வாங்கி, அவற்றின் பக்கச்சுவரில் வெள்ளை ரப்பரை வல்கனைஸ் செய்து, அதாவது சூட்டில் ஒன்றாகப் பிணைத்து, இணைக்கிறது. நவீன டயரின் ஓட்டத்தை விரும்புவோருக்கு அதுவும் மதிக்கத்தக்க தேர்வே. ரிம்முக்கும் டயருக்கும் இடையில் செருகும் தனி வளையங்களையும் வெள்ளைப் பூச்சையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வளையம் வேகத்தில் படபடத்துப் பக்கச்சுவரை உராயும், பூச்சு உரிந்து விழும்.

நான் கோக்கரைத் தேர்ந்ததற்கு மற்றொரு காரணம் அதன் பின்னணி. 1958இல் ஹெரால்ட் கோக்கர் டென்னசியில் தொடங்கிய இந்நிறுவனம், பழைய டயர்ப் பெயர்களை உரிமம் பெற்று மீண்டும் தயாரித்து விற்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது. என் காருக்குத் தொழிற்சாலை கொடுத்த அளவு 6.70-15; அது நம் ஊரில் நைலான் டயர் என்று சொல்லும் பயஸ் ப்ளை வகை, அதாவது ரேடியலைப் போலன்றி உள்ளிருக்கும் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும் பழைய வகை. தோற்றம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்போர் அதையே வாங்கலாம். நானோ குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டுபவன் என்பதால், அதற்கு நிகரான 205/75ஆர்15 ரேடியலை எடுத்தேன். சாலையின் பள்ளம்தோறும் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த நிலை போய், கார் நேர்கோட்டில் ஓடுகிறது. சுற்றளவு சற்றுக் குறைவதால் ஸ்பீடோமீட்டர் சிறிது கூட்டிக் காட்டும். அறுபது, எழுபது வருடம் பழகிய ரிம்மில் ரேடியலை மாட்டும் முன்பு வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம்.

பட்டையின் அகலம் காரின் ஆண்டோடு பொருந்த வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஐம்பதுகளின் நடுப்பகுதிக் காருக்கு இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலப் பட்டைதான் அழகு. 1962 மாடல்களில் அது ஏறத்தாழ ஓர் அங்குலமாகச் சுருங்கிவிட்டது. இரண்டையும் மாற்றிப் போட்டால், பட்டு வேட்டிக்கு விளையாட்டுச் சட்டை போட்டதுபோல் கண்ணை உறுத்தும்.

டயர் வந்தபோது பட்டையின்மேல் நீல நிறப் பாதுகாப்புப் பூச்சு இருந்தது. வெதுவெதுப்பான நீரும் சோப்பும் மென்மையான தூரிகையும் போதும், கையோடு கரைந்து போய்விடும். அதை அப்படியே விட்டு வெயிலில் காயவைக்கக் கூடாது. மாட்டுகிற கடையில் இரண்டு சொல்லுங்கள்: இயந்திரத்தின் பற்களுக்கும் பட்டைக்கும் இடையில் துணி வைக்க வேண்டும், பேலன்சிங் எடைகளை ரிம்மின் உட்புறம் ஒட்ட வேண்டும். நான் சென்ற கடையில் இளைஞர் ஒருவர் தாமாகவே துணியை மடித்து வைத்ததைக் கண்டபோதே மனம் நிம்மதியாயிற்று. அதன் பிறகு மாதம் ஒரு முறை சோப்பு போட்டுக் கழுவுவதோடு சரி. பிளீச் கலந்த திரவம் எதையும் நான் தொடுவதில்லை.

விலை சாதாரண ரேடியலைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் ஆர்டர் கொடுக்கும்போது ஐந்தாகவே கொடுங்கள். ரேடியலோடு பயஸ் ப்ளையைக் கலந்து ஓட்டக் கூடாது என்பதால், டிக்கியில் கிடக்கும் பழைய ஸ்டெப்னி வழியில் பஞ்சரானால் உதவாது. நான் நான்கு மட்டும் வாங்கிவிட்டு, ஐந்தாவதை ஆறு மாதம் கழித்துத் தனியாக வரவழைத்தேன். அதன் சரக்குக் கட்டணம் வேறு.