கண்டாங்கியா, குர்த்தியா, நைட்டியா? காரைக்குடியில் ஆறாயிரம் ரூபாய்க் கணக்கு

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. அலமாரியைத் திறந்தால் முப்பது புடவைக்கு மேல் இருக்கும். ஆனாலும் காலையில் காய்கறி வாங்கப் போக எதைக் கட்டலாம் என்று நின்றால் ஒன்றும் கைக்கு அமைவதில்லை. பாதிப் புடவைகள் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால்தான் பார்க்க முடிகிற பள்ளிக்கூடப் பருத்தி. மீதி கல்யாணம் காட்சிக்குக் கட்டுகிற பட்டு. நடுவில் இருக்க வேண்டியது இல்லை. ரவிக்கைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கையில் ஏறினால் இறங்காது.

போன தீபாவளிக்கு மகள் பட்டு எடுத்துத் தருகிறேன் என்றாள். "பட்டு வேண்டாம்மா, அந்தப் பணத்தைக் கையில் கொடு" என்று ஆறாயிரம் வாங்கிக்கொண்டேன். அதைக்கொண்டு தினப்படிக்கான துணிகளை மட்டும் புதுசாக்குவது என்று முடிவு. என் உடம்புக்கும் சில நிபந்தனைகள் உண்டு. வலது தோள் இறுகிப்போய் கையைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்க முடியாது. மணிக்கட்டில் பிழிகிற பலம் குறைந்துவிட்டது. முழங்கால் படியைக் கண்டாலே பேசும். கடையில் கண்ணாடி முன் நன்றாகத் தெரிகிற துணி, வீட்டில் இந்த மூன்றிடமும் மாட்டிக்கொண்டு முழிக்கும் என்பதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன்.

முதலில் கண்டாங்கிப் பருத்திப் புடவை. எங்கள் ஊர்ச் சரக்கு, 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, அதனால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் இருக்கத்தான் செய்யும். என் அப்பத்தா காலத்தில் அதைப் பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுவார்கள். வீட்டு வேலைக்கும் அதே புடவை, வயலுக்கும் அதே புடவை. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறம், கட்டமோ கோடோ போட்ட உடம்பு, அகலமான கரை. அழுக்குத் தெரியாது, வெயிலில் உடம்போடு ஒட்டாது. பருத்தி காற்றில் இருக்கிற ஈரத்திலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. மே மாதத்தில் கொப்புடையம்மன் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு முதுகிலேயே புரியும்.

நெசவாளர் சங்கக் கடைக்குப் போனேன். காரைக்குடிக் கடைகளில் ஒரு வயசுக்கு மேல் எந்தப் பெண்ணும் ஆச்சிதான், நானும் ஆச்சி ஆனேன். "ஆச்சி, அறுபதா எண்பதா?" என்றார் கடைக்காரர். என் வயசைக் கேட்கிறாரோ என்று ஒரு கணம் முறைத்துவிட்டேன். அவர் கேட்டது நூல் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. 60ஆம் நம்பர் நூலில் நெய்தது கையில் வாங்கினாலே கனம் தெரிகிறது. கட்டினால் நிற்கும், ஒரு மிடுக்கு இருக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். 80ஆம் நம்பர் அதைவிட மெலிசு, மடிப்பு வயிற்றுப் பக்கம் புடைக்காது.

நான் அறுபதில் ஒன்று, எண்பதில் ஒன்று வாங்கினேன். 1,150, 1,350. வீட்டுக்கு வந்து நனைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அறுபதைத் தண்ணீரிலிருந்து தூக்குவதே ஒரு வேலை. ஈரத்தோடு அது ஒரு தூங்குகிற பிள்ளையின் கனம் கனக்கிறது. முறுக்கிப் பிழிய என் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் குழாய் மேல் மடித்துப் போட்டு, கையால் வழித்து வழித்து நீரை இறக்கி, சொட்டச் சொட்டக் கொடியில் போட்டேன். கொடி தொய்ந்து முந்தி தரையைத் தொட்டது. எண்பதுக்கு இந்தப் பாடு இல்லை. துவைக்க ஆள் இருக்கிற வீட்டில் அறுபது ராஜா. தானே துவைத்துக்கொள்கிற அறுபது வயசுக்கு எண்பதுதான் சரி. மெஷினில் போடுகிறவர்கள் வலைப்பையில் கட்டி, மெதுவான சுற்றில் போடலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று தடவை தனியாகவே நனைக்க வேண்டும். அரக்குச் சாயம் பக்கத்தில் கிடக்கிற வெள்ளை வேட்டியைச் சும்மா விடாது. எங்கள் வீட்டுக்காரரின் வேட்டி ஒன்று இப்போது இளஞ்சிவப்பு.

இன்னொரு விஷயம், சந்தையில் 500, 600 ரூபாய்க்கும் "கண்டாங்கி" கிடைக்கிறது. பெரும்பாலும் விசைத்தறியில் ஓட்டியது. அதைக் கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை, கைத்தறி விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது என்கிறேன். கரை ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், துணியை விறைப்பாக இழுத்துப் பிடிக்கக் குத்திய ஊசிப் பொட்டுகள் கைத்தறியில் வரிசையாகத் தெரியும். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோ-ஆப்டெக்ஸில் இந்தக் குழப்பம் இல்லை. தீபாவளித் தள்ளுபடி 30 சதவீதம் என்று போர்டு மாட்டுகிற நேரத்தில் போனால் விலையும் பக்கத்தில் வந்துவிடும். நான் அவசரப்பட்டு அதற்கு முன்னாலேயே வாங்கியது என் தலையெழுத்து.

கண்டாங்கிக்கு மறைமுகச் செலவும் உண்டு. நான் எடுத்த இரண்டிலும் ரவிக்கைத் துணி கூட வரவில்லை. துணியும் தையல் கூலியும் சேர்த்து ஒரு ரவிக்கை 350 ஆனது. இரண்டு புடவைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு கறுப்பும் ஒரு அரக்கும் தைத்தேன், முன்பக்கக் கொக்கி, முழங்கை வரை தளர்வான கை. மேல்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "டீச்சர், அக்குள் பக்கம் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கை தூக்க லேசாக இருக்கும்" என்றார். தையல்காரத் தம்பிக்கும் அது தெரிந்திருந்தது. நான்தான் முப்பது வருஷமாகக் கேட்கவில்லை.

சின்தெட்டிக் புடவையை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். 350 ரூபாய், அலசிப் போட்டால் அரை மணியில் காய்கிறது, இஸ்திரி வேண்டாம், ரயிலில் கசங்காது. மழைக்காலத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுப்படிக்கு மட்டும் கட்டிக்கொண்டு போகக் கூடாது. பருத்தியிலும் தீப்பிடிக்கும், ஆனால் பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். என்னிடம் பழசு இரண்டு இருக்கிறது, புதிதாக வாங்கவில்லை.

அடுத்தது குர்த்தி. மகளின் கட்சி இது. நான் அதுவரை சுடிதாரே போடாதவள், அறுபதில் ஆரம்பித்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் என் வயசுக்காரர்கள் நாலு பேர் காலை நடைக்கு அதைத்தான் போடுகிறார்கள்.

குர்த்தியில் துணியைப் பார்க்க வேண்டும். கடையில் தொங்குகிறவற்றில் பாதி ரேயான். வழவழவென்று விழும், அழகாக இருக்கும். நனைந்தால் பலம் குறைகிற நூல் அது, மெஷினில் நாலு மாதம் சுற்றினால் தையல் ஓரத்தில் விரிசல் விடுகிறது. பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், ஆகவே ஒரு அளவு கூடவே எடுப்பது நல்லது. தலை வழியாக மாட்டுகிற குர்த்தி என் தோளுக்கு ஆகாது. முன்பக்கம் வயிறு வரை பட்டன் இருந்தால்தான் கையை மெதுவாக நுழைக்க முடிகிறது. அப்படி ஒன்று தேட நாலு கடை ஏறி இறங்கினேன். கிடைத்தது 650.

கீழே போடுவதில்தான் பெரிய சண்டை. பலாசோ என்கிற அகலக் கால் பேண்ட் காற்றோட்டமாக இருக்கிறது, பார்க்கவும் புடவை மாதிரி மரியாதையாக இருக்கிறது என்று ஒன்றை மகளிடம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு குன்றக்குடி மலை ஏறினேன். இருபது படிக்குள் முன்பக்க அகலம் பெருவிரலில் மாட்டி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தப்பித்தேன். மீதிப் படிகளை ஒரு கையால் பலாசோவையும் ஒரு கையால் முருகனையும் பிடித்துக்கொண்டு ஏறினேன். லெக்கின்ஸ் வழுக்காது, ஆனால் முழங்காலை இறுக்குகிறது, கழற்ற உட்கார வேண்டியிருக்கிறது. எனக்குச் சரிப்பட்டது கணுக்காலுக்கு மேலே நிற்கிற நேர்ப் பேண்ட், இடுப்பில் எலாஸ்டிக். நாடா வேண்டவே வேண்டாம், ரயில் கழிவறையில் முடிச்சு விழுந்த நாடாவோடு போராடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னை போகிற நாளில் குர்த்திக்கு இணை கிடையாது. பை வைத்துத் தைத்திருந்தால் செல்போன், மாத்திரை அட்டை, டிக்கெட் எல்லாம் அதிலேயே.

ஆன்லைனில் வாங்கினால் பாதி விலை என்றார்கள். "நூறு சதவீதம் பருத்தி" என்று போட்டிருந்த ஒரு குர்த்தியை வாங்கினேன். கை வைத்ததுமே சந்தேகம். உள்மடிப்பில் இருந்து ஒரு நூலை உருவி, வாசல் பக்கம் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். இது சுருண்டு ஓடி நுனியில் சின்னக் கறுப்பு மணியாக உறைந்தது, விரலால் நசுக்கினால் கல். திருப்பி அனுப்பக் கேட்டதற்குக் கெடு முடிந்துவிட்டது என்று பதில். அந்த 599ஐ நான் ஆறாயிரத்தில் சேர்க்கவில்லை, தனியாக டியூஷன் ஃபீஸ் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

நைட்டி பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. உண்மையில் வீட்டில் நாம் எல்லோரும் அதிக நேரம் இருப்பது அதில்தான். 350 ரூபாய், பருத்தி, முன்பக்க ஜிப், துவைக்க லேசு. ஒரு ரூபாய்க்கு எத்தனை நாள் என்று வகுத்தால் கண்டாங்கியையும் குர்த்தியையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். குறை இரண்டு. கூரியர்காரர் மணி அடித்தால் தோளில் போடத் துண்டைத் தேடி ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் நிலைப்படி தடுக்கும், எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் நிலைப்படிகள் உயரம் தெரிந்ததுதானே. கடையில் வருகிற நைட்டி என் உயரத்துக்குத் தரையைப் பெருக்குகிறது. இரண்டு வாங்கி, இரண்டையும் நாலு விரல் உயரம் மடித்து அடித்த பிறகுதான் போட்டேன். உள்பாவாடை இரண்டும் அப்படித்தான், அது ஒரு 400.

இதெல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் அம்மாவின் பெட்டி ஞாபகம் வந்தது. பள்ளத்தூர் வீட்டில் இருந்து வந்த தகரப் பெட்டி. அதில் நாலு பழைய கண்டாங்கி, அடியில் காய்ந்த வசம்பு. நிறம் மங்கினாலும் தொட்டால் பூ மாதிரி மெத்தென்று இருந்தது, வருஷக்கணக்கில் துவைத்த பருத்திக்கு மட்டுமே வருகிற மென்மை. இதைக் குர்த்தியாக்கினால் என்ன? ஐந்தரை மீட்டர்ப் புடவையில் இரண்டு குர்த்தி தாராளமாக வரும், அகலக் கரையைக் கீழ் ஓரத்துக்கும் கைக்கும் வைக்கலாம்.

தையல்காரத் தம்பி முதல் புடவையைப் பிரித்து டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "டீச்சரம்மா, இங்கே பாருங்கள்." முப்பது வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த துணி. மடிப்பு ஓடிய இடமெல்லாம் வெளிச்சம் கோடு கோடாக வந்தது. இரண்டு கையாலும் லேசாக இழுத்தார், சத்தமே இல்லாமல் பிளந்தது. நாலில் மூன்று அப்படி. நாலாவது மட்டும் தேறியது, கடுகு மஞ்சள் கட்டம், அரக்குக் கரை. அம்மா சாகும் வரை கட்டிக்கொண்டிருந்தது அதுதான், மடிந்து கிடக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அதில் இரண்டு குர்த்தி, கூலி ஒன்றுக்கு 300. முன்பக்கப் பட்டன், இரண்டு பக்கமும் பை, என் தோளுக்கு அளவெடுத்த கை.

இப்போது என் அலமாரியில் எது ஜெயித்தது என்று கேட்டால், கடையில் 650 கொடுத்த குர்த்தி இல்லை, 1,150 கொடுத்த 60ஆம் நம்பர் இல்லை. இந்த 600 ரூபாய்க் கூலிதான். வாரத்தில் நாலு நாள் அதுதான் உடம்பில். கோயிலுக்கும் விசேஷ வீட்டுக்கும் 80ஆம் நம்பர் கண்டாங்கி. குர்த்தி எவ்வளவு வசதியாக இருந்தாலும் நகர சிவன் கோயிலுக்குள் நுழையும்போது எனக்கு முந்தானை வேண்டியிருக்கிறது, அது பழக்கம். பழைய துணி வீட்டில் இருக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். பெட்டியே இல்லாதவர்கள் 80ஆம் நம்பரில் ஒன்றும் பட்டன் வைத்த குர்த்தியில் இரண்டும் எடுக்கலாம்.

வீட்டுக்காரருக்கும் இதே கேள்வி வந்தது. வெல்க்ரோ வேட்டியா, சாதா வேட்டியா என்று. வெல்க்ரோ அவிழாது, ஆனால் துவைக்கும்போது மற்ற துணியில் ஒட்டி இழையைப் பிடுங்குகிறது. ஒட்டி மூடிவிட்டுத்தான் துவைக்க வேண்டும். அவர் ஒன்று வாங்கிக்கொண்டு, அந்த இளஞ்சிவப்பு வேட்டியை வீட்டில் கட்டுகிறார்.

ஆறாயிரத்தில் எனக்கு மிச்சம் 450. பிளந்த மூன்று புடவையிலும் கரை மட்டும் கெட்டியாக இருந்தது, அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். உள்பாவாடை இரண்டிலும் உள்பக்கம் அதில் ஒரு பை தைக்கக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.