மஞ்சள் அங்கியா, மணற்கடிகாரமா?

2018-இல் மூன்று வாரத்துக்குள் இரண்டு போராட்டங்கள் ஐரோப்பாவில் தெருவுக்கு வந்தன. அக்டோபர் 31 அன்று லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் பருவநிலைக்காக எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் என்ற இயக்கம். நவம்பர் 17 அன்று எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து பிரான்ஸ் முழுக்க மஞ்சள் அங்கிக்காரர்கள். கோரிக்கைகள் இருக்கட்டும். இரண்டும் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன, எது உண்மையாகப் பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம்.

லண்டன்காரர்களிடம் சின்னம் தயாராக இருந்தது. வட்டம் பூமி, உள்ளே மணற்கடிகாரம்: நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. 2011-இல் ஒரு ஓவியர் வரைந்தது. அதோடு தனி எழுத்துரு, தேர்ந்தெடுத்த நிறங்கள் என்று வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து செய்த வேலை. 2019 ஏப்ரலில் லண்டனின் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் சாலைச் சந்திப்பின் நடுவே நிறுத்திய இளஞ்சிவப்புப் படகை, படம் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேர்த்தியே அவர்களுக்குச் சுமையும் ஆனது. ‘வசதியானவர்களின் போராட்டம்’ என்ற பேச்சு கூடவே வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கேனிங் டவுன் நிலையத்தில் ரயில்மேல் ஏறி நின்றவர்களை, வேலைக்குக் கிளம்பிய பயணிகளே கீழே இழுத்துப் போட்டார்கள்.

பிரான்ஸில் யாரும் எதையும் வரையவில்லை. வண்டி பழுதாகி நடுவழியில் நின்றால் போட்டுக்கொள்ள ஒளிரும் அங்கி ஒன்று காரில் இருக்க வேண்டும் என்பது அங்கே 2008 முதல் சட்டம். டீசல் விலையால் அடிபட்டவர்கள் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்கள். அங்கியும் அந்தக் காருக்குள்ளேயே கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு ஊர் ஓரத்து ரவுண்டானாவில் போய் நின்றார்கள். முதுகில், ஒளிர்பட்டைகளுக்கு நடுவே உள்ள இடத்தில் மார்க்கரால் எழுதினார்கள். ஒருவர் அதிபரைப் பார்த்து ‘மக்ரோன், பதவி விலகு’ என்று எழுதுவார். இன்னொருவர் தன் மாவட்ட எண்ணை எழுதுவார். நிறம் எல்லோருக்கும் ஒன்று, வாசகம் அவரவருடையது. இதற்கு ஈடான வடிவமைப்பை எந்த நிறுவனத்தாலும் தந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சரி, அங்கிக்குக் குறையே இல்லையா? பெரிய குறை உண்டு: அதற்குக் காவல் கிடையாது. யார் மாட்டினாலும் அவர் மஞ்சள் அங்கிக்காரர்தான். 2018 டிசம்பர் 1 அன்று பாரிஸ் வெற்றி வளைவில் நடந்த சேதமெல்லாம் அந்த நிறத்தின் கணக்கில்தான் விழுந்தது. அப்புறம் பிரிட்டனின் தீவிர வலதுசாரிகள் சிலரும் அதே அங்கியோடு லண்டனில் வந்து நின்றார்கள். மணற்கடிகாரத்துக்கோ விதி இருந்தது: போராட்டத்துக்கு யாரும் பயன்படுத்தலாம், விற்பனைப் பொருளில் போடக் கூடாது.

என் மனம் அங்கியின் பக்கம்தான். ஆனாலும் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. போராட்டக் களத்திலேயே மேசை போட்டு, மர அச்சில் மை தடவி, வந்தவர்களின் துணியில் சின்னத்தைப் பதித்துக் கொடுத்தார்கள். விற்பனைச் சட்டை இல்லை. அவரவர் போட்டுத் தேய்ந்த பழைய துணி. மை ஓர் ஓரத்தில் கூடுதலாகவும் இன்னோர் ஓரத்தில் மங்கலாகவும் விழுந்தது. அந்த மணற்கடிகாரத்தை நான் நம்புகிறேன்.