டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் என்று சொல்லி ரோட்டரியைத் தலையில் கட்டிவிட்டார்கள், கறுப்பு கார் வைத்திருப்பவர்கள் கவனம்

பாரிமுனையில் ஒரு டூல்ஸ் கடையில் போன மாதம் பாலிஷர் வாங்கினேன். எங்கள் அபார்ட்மென்டில் தினமும் காலையில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணியில் எல்லா வண்டியையும் துடைத்துத் துடைத்து, என் கறுப்பு காரின் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கீறல்கள், வெயிலில் பார்க்கவே மனசு வலிக்கும். அதை நானே எடுக்கலாம் என்றுதான் போனேன். முதல் தடவை பிடிப்பவருக்கு ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரியை விட, சுற்றிக்கொண்டே ஆடும் டிஏதான் பாதுகாப்பு.

கடைக்காரரிடம் தெளிவாகவே கேட்டேன், "அண்ணே, ரோட்டரி வேண்டாம், டூயல் ஆக்‌ஷன்தான் வேணும்" என்று. பெட்டியைக் காட்டி, "இதுல டூயல்னு போட்டிருக்கே சார், அதேதான்" என்றார். 4,200 ரூபாய். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, பாலிஷும் போடலாம், சாண்டிங்கும் பண்ணலாம் என்பதற்குத்தான் அந்த 'டூயல்'. ஆனால் அதைப் படித்தது வேலை கெட்ட பிறகு.

இடது ஃபெண்டரின் மடிப்பில் ஒரு சில நொடிதான் வைத்திருப்பேன். வெள்ளை ஃபோம் பேடின் ஓரத்தில் கறுப்பாக ஏறியது. காம்பவுண்ட் (பாலிஷ் பேஸ்ட்) அழுக்கு என்று நினைத்தேன், இல்லை, கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் போய் அடியில் இருந்த கலரே வந்துவிட்டது. கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு, ஓரங்களில் இன்னும் குறைவு. போனால் போனதுதான், அந்த பேனலுக்குப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியே இல்லை. பானெட்டிலும் கீறல் போன இடத்தில் வளைவு வளைவாக ஹோலோகிராம் விழுந்து, வெயிலில் நிறுத்தினால் எண்ணெய்த் துணியால் துடைத்த மாதிரி தெரிகிறது.

ரோட்டரியைக் குறை சொல்லவில்லை. கை பழகியவர்கள் அதில்தான் ஆழமான கீறலை எடுக்கிறார்கள். அது ஒரே அச்சில் சுற்றுவதால் சூடு ஒரே இடத்தில் சேரும், முதல் தடவை பிடிப்பவர் கையில் அது ஆபத்து. டிஏ சுற்றிக்கொண்டே ஆடவும் ஆடும், ரொம்ப அழுத்தினால் சுற்றுவது நின்று வெறும் அதிர்வுதான் இருக்கும், அதனால் தப்பிக்கலாம்.

அதனால் கடையிலேயே பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேடை ஒட்டுகிற தட்டான பேக்கிங் பிளேட்டைக் கையால் சுற்றுங்கள். சாதாரண டிஏ என்றால் லேசாகத் தானே சுற்றும், அதன் அச்சு மோட்டாருக்கு நேர் நடுவில் இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். நேர் நடுவில் இருந்து, கியரை இழுக்கிற மாதிரி கனமாகச் சுற்றினால் அது ரோட்டரி, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. டிஏவில் 8 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் என்று ஆட்டத்தின் அளவும் போட்டிருக்கும், என் பெட்டியில் அப்படி ஒன்றுமே இல்லை, ஆர்பிஎம் மட்டும்தான். அப்புறம் வாங்கின மெஷினையும் முதலில் பானெட்டின் நடுவில் ஒரு சின்ன கட்டத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள், ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு.

மெஷினைத் திருப்பி எடுத்துப் போனேன். "யூஸ் பண்ணிட்டீங்க சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள், முன்னால் பேசியவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பெட்டியின் படங்களைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பில்லில் இருப்பது 'பாலிஷிங் மெஷின் 1' மட்டும்தான். 'டூயல் ஆக்‌ஷன்' என்று எழுதிக் கொடுங்கள் எனக் கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் வெளிவந்திருக்கும், நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.