செலுக் கிராமத்தில் ஒரு வெள்ளி மோதிர வகுப்பு

பாலியில் தென்பசாருக்கும் உபுதுக்கும் நடுவில் இருக்கிறது செலுக். வெள்ளி வேலைக்குப் பேர்போன ஊர், சாலை நெடுக நகைக்கடைதான். அங்கே வீட்டோடு ஒட்டிய ஒரு சின்னப் பட்டறையில் 3 மணி நேர மோதிர வகுப்புக்குப் போனேன். முந்தின நாள்தான் வேறொரு இடத்தில், ஒரே காலையில் பாத்திக் (துணியில் மெழுகால் கோடு போட்டுச் சாயமேற்றுவது), மரச்செதுக்கு, ஓவியம் எல்லாம் சொல்லித்தருகிறோம் என்றதை நம்பிப் போய், அவர்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த மெழுகுக் கோட்டுக்குள் கலர் அடித்துவிட்டு வந்திருந்தேன். அதனால் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

ஆனால் இங்கே நிஜமாகவே வேலை வாங்கினார்கள். வெங்காரம் (போராக்ஸ்) தூவி வெள்ளியை உருக்குவது, தட்டுவது, அராவுவது எல்லாம் நாமேதான். பெட்ரோல் ஊதுகுழலுக்குக் காலால் மிதித்துத்தான் காற்றுக் கொடுக்க வேண்டும், கையைக் கவனித்தால் கால் நின்றுவிடும், எனக்கு நாலு தடவை தீ அணைந்தது!

பாலி நகையின் அழகே 'ஜாவான்' என்கிற பொடிப்பொடி வெள்ளி உருண்டை மணிகள்தான். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டுகிற பசை எதில் செய்தது தெரியுமா? குன்றிமணியை அரைத்து! நம் ஆசாரிகள் தங்கத்தை எடைபோட்ட அதே விதை. சூடு ஏறியதும் பசை எரிந்துபோய், பற்றவைக்கிற உலோகப் பொடியான பற்றாசு உருகி மணிகளைப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, நம் ஊரிலும் நகை கழுவுவது இதில்தானே!

உலைக்குப் பக்கத்தில் தென்னங்குருத்தில் முடைந்த சானாங் என்கிற சின்னப் படையல் தட்டு, அதில் பூ. 210 நாளுக்கு ஒருமுறை 'தும்பெக் லண்டெப்' அன்று கருவிகளுக்குப் பூஜை போடுவார்களாம், பைக், காருக்கும் உண்டு என்றார் பட்டறைக்காரர். ஆயுத பூஜையேதான்.

குறை இல்லாமல் இல்லை. கட்டணத்தில் 5 கிராம் வெள்ளிதான் சேர்த்தி, என் மோதிரம் 7 கிராம் வந்ததால் மிச்சத்துக்குத் தனிக்காசு, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஜாவான் வேலையும் கேட்டால்தான் சொல்லித்தருகிறார்கள், இல்லையென்றால் சாதா வளையத்தோடு அனுப்பிவிடுவார்கள். நேரம் போதாமல் என் கடைசி வரிசை மணிகளை அவரே ஒட்டினார், அது மட்டும் நேராக இருக்கிறது.

போவதானால் காலை வகுப்பாகப் பாருங்கள், மதிய வெயிலில் உலைக்கு முன்னால் உட்கார முடியாது. அப்புறம், வெறும் செருப்போடு போகாதீர்கள், காலை மூடுகிற ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தீப்பொறி காலில்தான் விழும்.