டயர் லைட்டை அணைக்க 9,600 ரூபாய் வாங்கினார்கள், காற்றை மட்டும் பார்க்கவில்லை

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கார் வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் எனக்கு நடந்தது. கடையின் பெயரை நான் போடவில்லை, ஆனால் இதே வேலையை எந்தக் கடையிலும் உங்களிடம் காட்டலாம், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்து காலையில் வண்டியை எடுக்கும்போது மீட்டரில் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி, டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கிற லைட் அது. கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, அதுவரை இந்த லைட்டை நான் பார்த்ததே இல்லை. இறங்கி நான்கு டயரையும் சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ட்யூப்லெஸ் டயரில் காற்றழுத்தம் ஏழெட்டு பிஎஸ்ஐ குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. சரி என்று பைபாஸில் இருக்கும் ஒரு பெரிய டயர் கடைக்கு விட்டேன்.

கடைக்காரர் கையில் ஒரு சின்ன மிஷினை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "நாலு சென்சாரும் பேட்டரி போயிருச்சு சார், மாத்திட்டா லைட் நின்னுடும்" என்றார். சக்கரத்துக்குள் காற்றழுத்தத்தை அளக்கிற சென்சாராம், ஒன்று 2,200, நான்குக்கு 8,800, மாட்டுகிற கூலி 800. என்னை ஏசி ரூமில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் வண்டி வெளியே வந்தது, லைட் இல்லை, நானும் பணத்தைக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைச் சீட்டில் "சென்சார் 4" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள். அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட சேலம் கிளம்பினோம், பின்சீட்டில் அம்மாவும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். தர்மபுரி தாண்டியதில் இருந்தே ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது, நல்லம்பள்ளி தாண்டியதும் ரப்பர் தீய்கிற வாசனை வந்தது. ஓரம் கட்டிவிட்டேன். கொஞ்சம் தூரத்தில் பாளையம் டோல்கேட், அதைத் தாண்டினால் தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த இறக்கத்தில் எத்தனை லாரி கட்டுப்பாடு இழந்து எத்தனை கார்மேல் ஏறியிருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முன் டயர் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. இவ்வளவுக்கும் மீட்டரில் லைட் வரவே இல்லை.

ரோட்டோரப் பஞ்சர் கடையில் இருந்த அண்ணன் முன் இடது டயரில் காற்று அளக்கிற கேஜ் வைத்தார். 17 பிஎஸ்ஐ. இருக்க வேண்டியது 33. டயரை ரிம்மில் இருந்து கழற்றி உள்ளே கையை விட்டு வெளியே எடுத்தார், உள்ளங்கை முழுக்கக் கரித்தூள் மாதிரி கறுப்பு ரப்பர் பொடி. "காத்து இல்லாம ரொம்ப தூரம் ஓட்டிட்டீங்க, சைடு உள்ளுக்குள்ளயே அரைபட்டுப் போச்சு, இதை இனிமே போடாதீங்க" என்றார். மிதிக்கிற பகுதியில் ஒரு ஆணி, தலை தேய்ந்து பளபளவென்று இருந்தது. பல நாள் ஏறியிருந்த ஆணி. சென்சார் இப்போதுதான் மாற்றினேன் அண்ணா, அது ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். அவர் வெறும் ரிம்மைத் திருப்பிக் காட்டினார். "சென்சார் எங்கீங்க இருக்கு? வெறும் ரப்பர் வால்வுதானே இருக்கு."

வீட்டுக்கு வந்து கார் கூடவே வந்த புத்தகத்தை எடுத்து முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். காற்றழுத்தத்தைக் கண்காணிக்க இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து பேட்டரி வைத்த சென்சார் இருக்கும், அது அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும், பேட்டரி பொதுவாக ஐந்து முதல் பத்து வருடம் வரும். ஸ்கிரீனில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் தெரிந்தால் உங்கள் வண்டி இந்த வகை. இன்னொன்றில் டயருக்குள் எதுவுமே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு மயிரிழை குறையும், அதனால் அது மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கிற வேக சென்சாரை வைத்தே கார் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து லைட் போடும். என் கார் இந்த இரண்டாவது வகை. இல்லாத சென்சாருக்கு இல்லாத பேட்டரி போய்விட்டதாகச் சொல்லி நான்கு முறை காசு வாங்கியிருக்கிறார்கள்.

காசு போனதைவிட எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். இந்த வகையில் காற்றைச் சரியாகப் பிடித்த பிறகு மெனுவில் போய் ரீசெட் செய்ய வேண்டும், அந்த நிமிடத்தில் டயர் எப்படி இருக்கிறதோ அதுதான் சரி என்று கார் எடுத்துக்கொள்ளும். அவர்கள் ஆணியைத் தேடவில்லை, காற்றும் பிடிக்கவில்லை, ரீசெட்டை மட்டும் அழுத்திவிட்டு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த டயரில் 24 இருந்ததோ 25 இருந்ததோ, அதையே என் கார் சரியான அளவு என்று நம்பிவிட்டது. உண்மையைச் சொன்ன ஒரே லைட்டையும் பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்.

இன்னொன்று, அன்று அந்த லைட் விட்டுவிட்டு எரியவில்லை, நிலையாக எரிந்தது. நிலையாக எரிந்தால் காற்று குறைவு. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக நின்றால்தான் பெரும்பாலான கார்களில் சிஸ்டத்தில் கோளாறு என்று அர்த்தம். இது ஒன்று தெரிந்திருந்தால் அந்தக் கடையில் டீ குடிக்காமலே திரும்பியிருப்பேன்.

லைட் எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2007 செப்டம்பரில் இருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்தக் காற்று எச்சரிக்கை வசதியைக் கட்டாயமாக்கிய விதியே 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. 33 இருக்க வேண்டிய டயர் 27க்கு வந்தாலும் அந்தக் கணக்கில் லைட் வராது. நான்கு டயரும் ஒன்றுபோல மெதுவாக இறங்கினால் என் கார் மாதிரி வகை கோட்டைவிடவும் கூடும். ஓசூர் பக்கம் மார்கழிக் குளிரில் காலையில் எரிந்து மதியம் அணைந்துவிடுகிறது என்றால், பத்து டிகிரி குளிருக்கு ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ இறங்கும், ஏற்கெனவே குறைவாக இருக்கிற டயர் அதில் எல்லையைத் தொட்டிருக்கும். அதற்கும் காற்றுதான் பிடிக்க வேண்டும், சென்சார் மாற்றக் கூடாது. டயர் சூடாவதற்கு முன்னால் பாருங்கள், டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள அளவைப் பிடியுங்கள், டயர் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு.

புத்தகத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். "கம்ப்யூட்டர் காட்டுச்சு சார், நாங்க என்ன பண்றது" என்றார்கள். கழற்றிய பழைய சென்சாரையாவது காட்டுங்கள் என்றேன், குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். அரை மணி நேரம் சத்தம் போட்ட பிறகு 5,000 கையில் கொடுத்தார்கள், மீதி 4,600ம் புது டயர் வாங்கிய காசும் போனதுதான். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். உங்களில் யாரிடமாவது இதே மாதிரி "சென்சார் 4" என்று எழுதிய வெள்ளைச் சீட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.